மானின் சினமும் வில்லாளியின் அறமும்

வந்த ஊர்க் காட்சிகள்

மான் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவன மருண்ட விழியும் மெல்லிய நடையுமே. பெண்ணின் பார்வைக்கு உவமை தேடிய புலவர்கள் மானிடம் சென்றார்கள். குழந்தைகளுக்குப் படப் புத்தகம் எழுதுவோர் புலியைக் கொடியது என்றும் மானைச் சாது என்றும் எழுதிவைக்கிறார்கள். அந்தச் சாதுவான மான், சித்திரைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் ஒன்பது வயது மகனை முட்டிக் கீழே தள்ளிவிட்டது. அந்நிகழ்ச்சியையும், அதன் பின்னர் எங்கள் குடியிருப்பில் எழுந்த பேச்சையும், அப்பேச்சு என்னைக் கொண்டுபோய் நிறுத்திய ஒரு கேள்வியையும் பற்றி இத்திங்கள் எழுத எண்ணுகிறேன்.

சங்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து, புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, மான்கள் உலாவும் ஒரு பூங்காவுக்குச் சென்றிருந்தோம். எந்தப் பூங்கா என்பது வேண்டியதில்லை, பிழை எங்களுடையதே. ‘விலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்’ என்ற பெரிய பலகை அங்கே இருந்தது. அதன் நிழல் வாய்ப்பாக இருந்தமையால் அதன் கீழேயே விரிப்பை விரித்து அமர்ந்தோம்!

என் மகன் பிஸ்கட் பொட்டலம் ஒன்றைப் பிரித்துக்கொண்டு, கிளைத்த கொம்புடைய புள்ளிமான் ஒன்றுக்கு ஒவ்வொன்றாக நீட்டினான். அதுவும் கையிலிருந்தே வாங்கித் தின்றது. பெரியவர்கள் அனைவரும் மகிழ்ந்து நின்றோம். சிலர் படமும் எடுத்தோம். பொட்டலம் தீர்ந்தது. பையன் வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பினான். மான் தலையைத் தாழ்த்தியது. அடுத்த நொடியில் பையன் தரையில் கிடந்தான். கொம்பின் முனை தொடையைக் கீறிவிட்டது. என் மனைவி குடையை விரித்துக் குறுக்கே நீட்டவே, மான் பின்வாங்கிச் சென்றது. தொடையில் மூன்று தையல்கள். அந்த மட்டில் தப்பினோம்.

அன்று மாலை எங்கள் குடியிருப்பில் இதுவே பேச்சு. மூத்தவர் ஒருவர், “இப்படிப்பட்ட மிருகத்தைச் சுட்டுத் தள்ளாமல் ஏன் வைத்திருக்கிறார்கள்?” என்றார். பலர் ஆமாம் என்றனர். இரண்டு வாரம் கழிந்தது. தல்மா மலையில் பழங்குடி மக்களின் வேட்டைத் திருநாள் நெருங்குகிறது என்று செய்தித்தாளில் வந்தது. அதே பெரியவர், அதே திண்ணையில் அமர்ந்து, “வாயில்லாச் சீவனாகிய மானை அம்பால் எய்கிறார்களே, இரக்கமில்லாத மக்கள்!” என்றார். அப்போதும் பலர் ஆமாம் என்றனர். இரண்டு முறையும் தலையசைத்தவர்களுள் நானும் ஒருவன். இரவு படுத்த பிறகுதான் அந்த முரண்பாடு உறைத்தது.

தல்மா மலையும் சேந்திராவும்

வேற்றூர்களில் வாழும் நேயர்களுக்காக இங்கே சிறிது விளக்க வேண்டும். ஜாம்ஷெட்பூரிலிருந்து வடக்கே பார்த்தால், சுவர்ணரேகை ஆற்றுக்கு அப்பால் நீல நிறத்தில் நீண்டு கிடப்பது தல்மா மலை. ஏறத்தாழ 3000 அடி உயரம். அதன் காடு சுமார் 193 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள வனவிலங்குச் சரணாலயம். யானைக்குப் பெயர் பெற்றது. கரடி, காட்டுப்பன்றி, மலை அணில், கேளையாடு ஆகியவையும் அங்கே உண்டு. கேளையாடு என்று நாம் ஆட்டின் பெயரால் அழைத்தாலும் அது மானினமே. அச்சம் கொண்டால் நாயைப் போலக் குரைக்கும் சிறிய மான் அது.

கோடையில், மழை இறங்குமுன், சந்தால், ஹோ, முண்டா, பூமிஜ் ஆகிய மக்கள் வில்லும் ஈட்டியும் ஏந்தி, பறை முழக்கி, இம்மலையில் ஏறுவது வழிவழி வந்த வழக்கம். சந்தால் மொழியில் வேட்டைக்குச் சேந்திரா என்று பெயர். வெறும் இறைச்சிக்காக ஏற்பட்டதன்று அது. வேட்டைக்கு முன்னர் மலைத் தெய்வத்துக்கு வழிபாடு நடக்கும். வேட்டைப் பூசாரிக்குத் திஹ்ரி என்று பெயர். அவர் தலைமையில் காட்டிலேயே இரவில் பேரவை கூடும். ஊர்த் தலைவன் தீர்க்க இயலாத வழக்கும், ஊர்த் தலைவன்மீதே எழுந்த வழக்கும் அங்கே தீர்க்கப்படும். சந்தால் மக்களுக்கு அதற்கு மேல் ஒரு நீதிமன்றம் இருந்ததில்லை. நம் நாட்டில் ஊர்ச் சபைகள் ஆலமரத்தடியில் கூடின என்றால், அவர்களுடைய பெருஞ்சபை வேட்டைக்காட்டில் கூடியது. இவ்வளவும் அடங்கியது சேந்திரா என்பதை அறியாமலேயே இத்தனை ஆண்டுகள் அம்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மானுக்கு ஏன் சினம் வருகிறது?

முதலில் மானின் பக்கத்தைக் கேட்போம். மாட்டின் கொம்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்திருப்பது. மானின் கொம்போ ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. முளைக்கும்போது அதன்மேல் பட்டுப் போன்ற தோல் மூடியிருக்கும். அதற்குள் குருதி ஓடும். அப்போது கொம்பு மெல்லியது. மானும் அடக்கமாக இருக்கும். வளர்ச்சி முடிந்ததும் தோல் காய்ந்து உரிய, உள்ளிருக்கும் எலும்பு கடினமாகிறது. மான் அதை மரத்தில் உரசித் தீட்டுகிறது. உடலில் ஆண்மைச் சுரப்பு மிகுகிறது. அதன் பின்னர் அதற்கு எதிர்ப்பட்டதெல்லாம் பகையே.

புள்ளிமான் ஆண்டு முழுவதும் ஈனும் இனமாயினும், நடு இந்தியக் காடுகளில் அதன் இணைகூடும் பருவம் கோடையிலேயே உச்சமடைகிறது. நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர். மானின் ஆணுக்குக் கலை என்றும் பெண்ணுக்குப் பிணை என்றும் தொல்காப்பிய மரபியல் தனித்தனிப் பெயர் வகுத்துள்ளது. நாமோ கலையையும் பிணையையும் ஒன்றாக்கி, மான் என்றால் மருட்சி என்று முடித்துவிட்டோம்.

இன்னொன்று உண்டு. காட்டு மான் மனிதனைக் கண்டால் ஓடும். மனிதன் கையிலிருந்து தின்று பழகிய கலைதான் ஓடாது. அதற்கு மனிதன்பால் அச்சம் நீங்கிவிடுகிறது. அச்சம் நீங்கினால் அன்பு வந்துவிடும் என்று நாம் நம்புகிறோம். வருவது அன்பன்று. குட்டியிலிருந்து புட்டிப் பால் கொடுத்து வளர்த்த ஆண் மான், கொம்பு முற்றியதும், தன்னை வளர்த்தவனையே போட்டிக்கு வந்த மற்றொரு கலையாகக் கருதிப் பாய்வதுண்டு. ஆகவே காட்டில் பிறந்த மானைவிட, நாம் ‘பழக்கிய’ மானே அஞ்சத்தக்கது. என் மகனை முட்டியது கொடிய மான் அன்று. எங்களைப் போன்ற நூறு குடும்பங்கள் பிஸ்கட் கொடுத்துக் கெடுத்த மான்.

குழந்தைகளை அழைத்துச் செல்லும் தாய்மார்களுக்குச் சில குறிப்புகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொள்ளுதல், தலையைத் தாழ்த்துதல், மயிர் சிலிர்த்தல், விறைத்த நடையுடன் பக்கவாட்டில் நெருங்குதல், காலால் நிலத்தைக் கீறுதல், புதரைக் கொம்பால் அடித்தல் ஆகியன சினத்தின் அறிகுறிகள். அப்போது முதுகு காட்டி ஓடலாகாது. மானைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்கி, ஒரு மரத்தையோ பையையோ குடையையோ இடையில் வைத்துக்கொள்ள வேண்டும். புல்லில் மான்குட்டி தனியே படுத்திருந்தால், தாயற்றது என்று எண்ணித் தூக்கிவிடாதீர்கள். தாய் அதை மறைத்துவைத்துவிட்டு அருகிலேயே மேய்ந்துகொண்டிருக்கும். பிணைக்குக் கொம்பில்லை; ஆனால் அதன் முன்னங்கால் உதை கடுமையானது.

என் நண்பர் சொன்னது

எங்கள் அலுவலகத்தில் சந்தால் இனத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பதினைந்து ஆண்டு மூத்தவர். அவரைத் தாதா என்று அழைப்பேன். நம் ‘அண்ணா’வுக்கு நிகரான சொல் அது. மகனுக்கு நேர்ந்ததை அவரிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, “கொம்பில் தோல் இருந்ததா, உரிந்திருந்ததா?” என்பதே. உரிந்திருந்தது என்றேன். “அப்படியானால் அது சண்டைக் காலம். அந்தக் காலத்தில் அதன் கிட்டே யார் போகச் சொன்னது?” என்றார். எங்கள் குடியிருப்பில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது.

துணிந்து சேந்திராவைப் பற்றியும் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் பதினான்காம் வயதில் நடந்ததைச் சொன்னார்.

தந்தையோடு முதன்முறையாக மலை ஏறினாராம். ஒரு கேளையாடு ஓடியது. நெருங்குமுன்னே ஆவலால் அம்பை விட்டுவிட்டார். அம்பு வயிற்றில் பட்டது; கேளையாடு விழாமல் ஓடி மறைந்தது. கூட்டம் மேலே நடந்தது. தந்தை மட்டும் நின்றுவிட்டார். “உன் அம்பைச் சுமந்துகொண்டு ஓர் உயிர் ஓடுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் நீ வீடு திரும்பக் கூடாது” என்றாராம். இருவரும் குருதித் துளியைத் தொடர்ந்து இருட்டும்வரை தேடினார்கள். இரவு ஒரு பாறைமேல் கழிந்தது. காலையில் ஓடைக்கரையில் கண்டார்கள். அப்போதும் உயிர் இருந்தது. தந்தை அதன் துன்பத்தை முடித்தார். இறைச்சி பங்கிடப்பட்டபோது மகனுக்குப் பங்கு கொடுக்கவில்லை.

“அன்று எனக்குப் பசி. அழுதேன். ஆனால் அதன் பிறகு நெருங்காமல் ஒருநாளும் அம்பு தொடுத்ததில்லை” என்றார் தாதா.

வில்லின் இயல்பு அறியாத எனக்கு அவரே அதை விளக்கினார். துப்பாக்கிக் குண்டு தாக்கிய வேகத்திலேயே விலங்கைச் சாய்த்துவிடக்கூடும். அம்பு அப்படியன்று, அது வெட்டிக் குருதி ஒழுகச் செய்தே கொல்கிறது. நெஞ்சுக்கூட்டில் சரியாகப் பட்டால் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். தவறினால் விலங்கு மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் துன்புறும். ஆகவே வில்லாளி இருபது முப்பது அடி தொலைவுக்குள் நெருங்க வேண்டும். விலங்கு நிற்க வேண்டும். பக்கம் தெரிய வேண்டும். எய்த பிறகு தேடிச் செல்ல வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அம்பை நாணிலிருந்து இறக்கிவிட வேண்டும்.

“இப்போது மலைமேல் ஒரே கூச்சல். பறையடித்து விரட்டுகிறார்கள். ஓடும் விலங்கின்மேல் பத்துப் பேர் எய்கிறார்கள். யார் அம்பு என்று யாருக்குத் தெரியும்? காயப்பட்டு ஓடியதை யார் தேடுவார்கள்? என் தந்தை இருந்தால் அவ்வளவு பேருக்கும் பங்கு இல்லை என்றிருப்பார்” என்றார். அவர் இன்றும் ஆண்டுதோறும் மலை ஏறுகிறார். வழிபாட்டுக்கும் பேரவைக்கும் செல்கிறார், அம்பு கொண்டுசெல்வதில்லை. தந்தையின் வில் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

பழங்கதைகள் சொல்லும் அறம்

தாதாவின் பேச்சைக் கேட்டபோது நாம் சிறுவயதிலிருந்து கேட்ட இரண்டு கதைகள் நினைவுக்கு வந்தன. பாண்டு மன்னன் காட்டில் இணைகூடியிருந்த மான்மீது அம்பு தொடுத்தான். மானுருவில் இருந்த கிந்தமர் என்னும் முனிவர் சாபமிட்டார். அவர் வேட்டையைப் பழிக்கவில்லை. வேட்டையாடுதல் மன்னர் வழக்கு என்று ஒப்புக்கொண்டார். இணைகூடும் வேளையில் எய்ததே குற்றம் என்றார். தயரதனோ இருளில், நீர் முகக்கும் ஒலியை யானையின் ஒலி என்று எண்ணி, காணாத ஒன்றின்மீது அம்பு விட்டான். பார்வையற்ற பெற்றோரின் ஒரே மகனைக் கொன்றான். அதன் பயனாகப் பின்னாளில் தன் மகனைப் பிரிந்து மாண்டான். பருவம் அறியாமல் எய்யாதே, காணாததை எய்யாதே என்பன இவ்விரு கதைகளின் பாடம். கேளையாட்டின் தடம் பற்றிச் சென்ற அந்தத் தந்தை இக்கதைகளைக் கேட்டிருக்கமாட்டார். ஆயினும் அறம் அவரிடம் இருந்தது.

நம் தமிழ் மரபிலும் இருவகைக் குரலும் உண்டு. கொல்லாமைக்கும் புலால் மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவர் நம் வள்ளுவர். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துச் சென்றதாகப் புறநானூற்றில் பாடியவர் வன்பரணர். வில்லேந்திய வேடராகிய கண்ணப்பரை நாயன்மாருள் வைத்து வணங்குபவர்களும் நாமே. அவ்வாறிருக்க, வில்லை ஏந்தியதனாலேயே ஒரு மக்கட்கூட்டத்தை இரக்கமற்றவர் என்பது நமக்குத் தகுமா?

புலால் உண்ணாத அன்பர்கள் கடிந்து பேசலாம். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. நான் ஞாயிறுதோறும் கசாப்புக் கடையில் வரிசையில் நிற்பவன். அங்கே தொங்கும் ஆடு எப்படி மாண்டது, எவ்வளவு நேரம் துன்புற்றது என்று ஒருநாளும் கேட்டதில்லை. தன் அம்பு பட்ட உயிரைத் தேடி இரவு முழுவதும் பாறைமேல் அமர்ந்த மனிதரைப் பழிக்க எனக்கு என்ன தகுதி?

ஆயினும்

இவ்வளவு கூறியதனால் சேந்திரா வேட்டை தொடரலாம் என்று நான் சொல்வதாக நேயர்கள் கருதவேண்டா. தொடரலாகாது என்பதே என் முடிவு.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. கொல்லுதல் மட்டுமன்று, கண்ணி வைத்தலும், இரை காட்டி ஈர்த்தலும், பறையடித்து விரட்டுதலும்கூட அச்சட்டப்படி வேட்டையே. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. அதே சட்டம் ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. தன்னையோ பிறரையோ காத்துக்கொள்ள, நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் காயப்படுத்தினாலும் கொன்றாலும் குற்றமில்லை. ஆபத்து நிகழும் நொடிக்கு உரியது அந்த விலக்கு. ஞாயிற்றுக்கிழமை முட்டிய மானைத் திங்கட்கிழமை சுடுவது தற்காப்பு ஆகாது, அது பழிவாங்குதலே. எங்கள் திண்ணைப் பெரியவர் கேட்டது அதைத்தான்.

சட்டத்தைக் காட்டிலும் பெரிய காரணம் காடு சுருங்கியதாகும். பரந்த காட்டில் சில ஊரார் ஆடிய வேட்டையை விலங்குகள் தாங்கின. இன்று எஞ்சிய ஒரு துண்டுக் காட்டில் பெருங்கூட்டம் நுழைந்தால் எவ்வாறு தாங்கும்? 2018ஆம் ஆண்டு ஏப்ரலில், மேற்கு வங்கத்தின் லால்கட் காட்டுப் பகுதியில், வேட்டைப் பருவத்தில் ஒரு வேங்கைப்புலி ஈட்டிக் காயங்களோடு இறந்து கிடந்தது. அடுத்த ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் இத்தகைய திருநாள் வேட்டைகளைத் தடுக்குமாறு ஆணையிட்டது. தல்மாவிலும் வனத்துறையினர் ஆண்டுதோறும் காவல் வைத்து, ஊர் ஊராகச் சென்று வேண்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் காடு சுருங்கியது யாரால்? இதையும் தாதாவே கேட்டார். கோபத்தோடு அன்று, கணக்குக் கேட்பவரைப் போல. நோவாமுண்டியிலும் குவாவிலும் மலைகள் இரும்புத்தாதுவுக்காக அகழப்படுகின்றன. அத்தாது ஏறிய சரக்கு வண்டிகளின் கணக்கை எழுதுபவன் நான். இருப்புப்பாதையில் யானை அடிபட்டு மாண்ட செய்தி இப்பகுதிக்குப் புதிதன்று. நம் வீட்டில் அடுப்பு எரிவது அந்தச் சரக்கு வண்டியால். ஆண்டுக்கு ஒருநாள் வில்லோடு மலை ஏறுபவனைத் தடுப்பது முறையே. ஆண்டு முழுவதும் காட்டை உண்ணும் நாம் அவனுக்கு அறம் போதிப்பதுதான் முறையன்று.

வழிபாடு இருக்கட்டும்; பேரவை இருக்கட்டும்; பறையும் பாட்டும் ஆட்டமும் இருக்கட்டும். அம்பு மட்டும் நாணிலிருந்து இறங்கட்டும். தாதாவைப் போன்றவர்கள் தம் மக்களிடம் அதைச் சொல்லிவருகிறார்கள். சொல்லவேண்டியவர்கள் அவர்களே, நாமல்லோம். வில் இதனால் அழிந்துவிடாது. 1996இல் இவ்வூரில் தொடங்கிய டாடா வில்வித்தைக் கழகத்தில் பயின்று, 2010ஆம் ஆண்டு தில்லி காமன்வெல்த் விளையாட்டுகளில் தங்கம் வென்றவர், ராஞ்சிக்கு அருகே பிறந்த தீபிகா குமாரி. குறி தவறினால் உயிர் துடிக்காத இலக்கு அது.

என் மகனின் தையல் பிரித்தாகிவிட்டது. மறுநாள் அவனைத் தாதாவின் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். சுவரிலிருந்த வில்லை அவர் இறக்கி அவன் கையில் கொடுத்தார். மூங்கில் வில், அவனால் அரை முழம்கூட இழுக்க முடியவில்லை. கேளையாட்டுக் கதையை அவனுக்கும் சொன்னார். திரும்பும் வழியில் பையன் நெடுநேரம் பேசாமல் வந்தான். பின்னர், “அப்பா, அந்த மானைச் சுட்டுவிடுவார்களா?” என்று கேட்டான். சுடமாட்டார்கள் என்றேன். “பிஸ்கட் கொடுத்தது நான்தானே” என்றான். “வாங்கிக் கொடுத்தது நான்” என்றேன்.

சங்கத்தின் அடுத்த சுற்றுலா ஐப்பசியில் நடைபெறும் என்று அறிகிறேன். செயலாளருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கட்டுச்சோறு நமக்கு மட்டும் போதும், பொட்டலமும் பிளாஸ்டிக் பையும் நம்மோடே திரும்பி வரட்டும். பலகையின் நிழலில் அமர்வதற்கு முன்னர், அதில் எழுதியிருப்பதை ஒருமுறை பிள்ளைகளை விட்டே உரக்கப் படிக்கச் சொல்வோம்.